மூஞ்சியில பெட்டி கட்டுன பேராண்டிக்கு

வா கண்ணு, உக்காரு. அந்தப் பெட்டிய மட்டும் என் கண்ணுக்குப் படாத எடத்துல வெச்சுட்டு உக்காரு. நேத்துப் பொழுதோட நடந்ததை உங்க அம்மாயி ஊர் பூராவும் சொல்லி முடிச்சுட்டா. காலையில தண்ணித் தொட்டிகிட்ட நாலு பேரு என்னையப் பாத்து, "ஏனுங் மாமா, செவுரு எங்கத்த போச்சுங்க மாமா?"ன்னு கேட்டுச் சிரிக்கறானுங்க.

தப்பு என்னோடது இல்லே. "சும்மா போட்டுப் பாருங்க அப்புச்சி"ன்னு நீதான் மாட்டி உட்டே. பாத்தா ஜெர்மனியில ஒரு பெரிய ஆலை. கூரையில ஓட்டை, ஓட்டை வழியா வெய்யில், துருப்புடிச்ச சக்கரம் ஆளு ஒசரத்துக்கு நிக்குது. நல்லாத்தான் இருந்துச்சு, இல்லேங்கல. சுத்திச் சுத்திப் பாத்ததுல காலு ஓய்ஞ்ச மாதிரி இருந்துச்சு. பக்கத்துல செவுரு தெரிஞ்சுது. சித்தெ நேரம் சாஞ்சுக்கலாம்னு சாஞ்சேன். செவுரு இல்லே. ஆசாரத்துல கொட்டி வெச்சிருந்த கடலைக்காய்க் குமியில மல்லாக்க விழுந்தேன். கட்டுத்தரையில நின்ன எருமைக்கன்னு மெரண்டு கயித்தை அத்துக்கிட்டு ஓடிப் போச்சு. எண்பது வயசுக்கு மேல ஒருத்தன் ஜெர்மனிக்காரன் செவுத்துல சாஞ்சு நாமக்கல் ஜில்லாவுல விழுந்தான்னா அது நான் ஒருத்தனாத்தான் இருக்கோணும்.

கிறுகிறுப்பு வேற. அதுக்கும் நீ ஒரு வெவரம் சொன்னே. கண்ணு 'நடக்கறோம்'னு சொல்லுதாம், காதுக்குள்ள இருக்கற தராசு 'நிக்கறோம்'னு சொல்லுதாம், ரெண்டும் சண்டை போட்டா வயித்தைப் பொரட்டுமாம். எனக்குக் கண்ணாலம் ஆகி அம்பத்தஞ்சு வருசமாச்சு சாமி. ஆளுக்கு ஒண்ணு சொல்லி வயித்தைப் பொரட்டறது எனக்கென்ன புதுசா?

இந்தப் பெட்டி வித்தைக்கு மெய்நிகர்னு தமிழ்ல பேரு வெச்சிருக்காங்களாமே. நல்ல பேருதான். மெய்க்கு நிகருன்னா மெய் இல்லேன்னு பேரு வெச்சவனே ஒத்துக்கிட்டான். இளம்பிள்ளையில நெய்யறாங்களே, பட்டு மாதிரி சேலை. பளபளன்னு இருக்கும், வெலை கையைக் கடிக்காது, ஒரம்பரைக்கெல்லாம் தாராளமா எடுத்துக் கொடுக்கலாம். அதைப் பட்டுன்னு சொல்லி வித்தாத்தான் தப்பு. நீயும் அதே மாதிரி வெவரமா வித்துக்க.

எங்க காலத்துலயும் பெட்டி இருந்துச்சு. திருச்செங்கோட்டு வைகாசித் தேருக்கு ஒருத்தன் பயாஸ்கோப்புப் பெட்டி கொண்டாருவான். ஓட்டையில கண்ணை வெச்சா தாஜ்மகாலு, காசி, டில்லி தர்பாரு. அந்தப் பெட்டிக்கு நாமதான் போயிக் குனியோணும், உன் பெட்டி மூஞ்சியத் தேடிக்கிட்டு வருது. 1968லயே அமெரிக்காவுல ஐவான் சதர்லேண்டுங்கறவரு இதுக்குப் பிள்ளையார் சுழி போட்டாரு, பெட்டியோட கனம் தலை தாங்காதுன்னு கூரையில இருந்து தொங்க உட்டாங்க, தலைக்கு மேல தொங்குனதால டமாக்ளிஸ் வாளுன்னே பேரு வந்துச்சுன்னு சொன்னியே. நம்ம பயாஸ்கோப்புக்காரன் தகரப்பெட்டியத் தலையிலயே வெச்சு ஆறு மைலு நடப்பான். அவன் தலைக்குப் பேரு வைக்கத்தான் ஆளில்லாமப் போச்சு.

சரி, சோலிக்கு வர்றேன். மூடிப்போன ஆலைங்களை எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள அடைச்சு, உள்ள போயி நடக்கற மாதிரி ஒரு கலை செய்யப் போறேன்னு சொல்றே. செய்யி. உன் படிப்புக்கு உங்கப்பன் மேட்டுக்காடு ரெண்டு ஏக்கரை வித்தான். அந்தக் காடும் இன்னைக்கு உனக்கு மெய்நிகருதான். வெறுங்கையோட நிக்காம எதையாவது செய்யி.

ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், எறந்தாலும் ஆயிரம் பொன்னுன்னு சொல்லுவாங்க. ஆனைக்குச் சொன்னதை வெள்ளைக்காரன் ஆலைக்கும் சொல்லிட்டான். ஜெர்மனியில ஃபோல்க்லிங்கன்னு ஒரு ஊரு, அங்க இரும்பு உருக்கற ஆலை 1986ல நின்னுச்சு, 1994ல யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம்னு பட்டம் கட்டிருச்சு. ஆலை ஓடுனப்ப உள்ள போறவனுக்குக் கூலி கொடுத்தாங்க. இப்ப உள்ள போறவன் டிக்கெட் வாங்கோணும். நீயே ரோசனை பண்ணு, இதுல எது நல்ல ஏவாரம்னு.

அப்பறம் புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரைப் பத்திச் சொன்னே. பெர்ண்டு பெஹர், ஹில்லா பெஹர். ஊர் ஊராப் போயி தண்ணித் தொட்டி, ஊதுலை, சுரங்கத்துக் கோபுரம்னு நின்ன மேனிக்கு எடுத்துக்கிட்டே இருந்திருக்காங்க. வெய்யில் அடிச்சா எடுக்கமாட்டாங்களாம், வானம் மூட்டமா இருக்கோணுமாம், அப்பத்தான் நெழலு விழாதாம். 1990ல வெனிஸ்ல பரிசு கொடுத்தாங்க, அதுவும் சிற்பத்துக்கான பரிசு. போட்டோ புடிச்சவங்களுக்குச் சிற்பிப் பட்டம்! எங்க காலத்துல கல்லு கொத்துனவனுக்கு ஒரு போட்டோ எடுத்துக் கொடுக்க ஆளில்லே. படங்களை நீ செல்போனுல காட்டுனே, நானும் ஒவ்வொண்ணாத் தள்ளித் தள்ளிப் பாத்தேன். எல்லாம் கச்சிதம். ஆனா கண்ணு, ஒத்தைப் படத்துலயாவது ஒரு ஆளு நிக்கறானா? சோத்துப் போசி வெச்ச எடம், காக்கிச் சட்டை மாட்டுன ஆணி? ஒண்ணுங் காணோம். அங்க வேலை செஞ்சவனெல்லாம் வானம் மூட்டமா இருந்த அன்னைக்கு லீவு போட்டுட்டான் போல.

நம்ம பக்கத்துல எங்கத்த போறதுன்னு கேட்டே. நான் சேலத்து சினிமாக் கம்பெனி மாடர்ன் தியேட்டர்ஸுன்னு சொன்னேன். நீயும் கேமரா, முக்காலி, சுத்தற லேசர் பெட்டி எல்லாம் தூக்கிக்கிட்டு ஏற்காடு அடிவாரத்து ரோட்டுக்குப் போனே. போயிட்டு வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு, "அப்புச்சி, வளைவு மட்டுந்தானுங்க இருக்குது"ன்னே. நான் வளைவு இருக்குதுன்னுதானே சொன்னேன், வளைவுக்குப் பின்னாடி இருக்குதுன்னு எப்பச் சொன்னேன்? தோரணவாயிலு நிக்குது, அரண்மனை இல்லே. சினிமாக் கம்பெனிக்கு அதை விட ஒழுங்கான முடிவு வேற என்ன வேணும்?

அந்தக் கம்பெனிய ஆரம்பிச்சவரு நம்ம திருச்செங்கோட்டுக்காரரு. டி.ஆர்.சுந்தரம், 1907ல பொறந்தவரு. நூல் ஏவாரக் குடும்பம். நெசவுத் தொழில் படிக்க இங்கிலாந்துல லீட்ஸ் பட்டணத்துக்குப் போனாரு. நூலுக்குப் போனவரு திரும்பி வந்து பிலிம் சுருளைக் கையில எடுத்தாரு. 1935ல மாடர்ன் தியேட்டர்ஸ். 1937ல மொதப் படம் 'சதி அகல்யா'. மெட்ராசுக்காரன் கெடக்கட்டும், மலையாளத்துக்காரன் மொதல்மொதலாப் பேசுன படமே இங்கதான் எடுத்தது, 1938ல 'பாலன்'. தமிழ்ல மொத ரெட்டை வேசம் 1940ல 'உத்தம புத்திரன்', பி.யு.சின்னப்பா. அந்தக் காலத்து வித்தை என்னன்னு தெரியுமா? கேமரா முன்னாடி பாதியை மறைச்சு ஒருதரம் ஓட்டறது, அதே பிலிமைத் திருப்பிச் சுத்தி மறுபாதியை மறைச்சு இன்னொருதரம் ஓட்டறது. ஒருத்தன் ரெண்டாயிருவான். நீ உன் கம்ப்யூட்டருல ராத்திரி பூரா உக்காந்து செய்யறதை அவங்க ஒரு அட்டைத் துண்டை வெச்சுச் செஞ்சிருக்காங்க.

1952ல ஹாலிவுட்டுக்காரங்களும் கூட்டுச் சேந்து ஒரு படம் எடுத்தாங்க, 'தி ஜங்கிள்'. வில்லியம் பெர்க்குன்னு ஒரு டைரக்டரு. அதுல ரோமம் மொளச்ச ஆதிகாலத்து ஆனை வரோணும். எங்கிருந்து வரும்? நம்மூட்டு ஆனைக்கு ரோமத்தை ஒட்டி நடக்க உட்டாங்க. அந்த ஆனை என்ன நெனைச்சுதோ, அதுவும் ஒரு மெய்நிகர் கலைதான்.

ஒரு சேதி கேட்டுக்க. சினிமாக் கம்பெனின்னு சொல்றோம், ஆனா சுந்தரம் அதை ஒரு மில்லு மாதிரித்தான் நடத்துனாரு. படப்புடிப்புத் தளம், ஒலிப்பதிவு, பிலிம் கழுவற லேப்பு, ஆசாரிப் பட்டறை, துணிமணி எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ள. நடிகருக்கும் மாசச் சம்பளம், எழுதறவருக்கும் மாசச் சம்பளம். கருணாநிதி வசனம் எழுதுன 'மந்திரி குமாரி' 1950ல இங்கிருந்து வந்ததுதான். கண்ணதாசன் இங்க வேலை பாத்தவருதான். பெரிய நடிகருன்னாலும் நேரத்துக்கு வந்தாகோணும். ஒரு படம் முடிஞ்சா அடுத்த படம், பாவுல ஒரு சேலை முடிஞ்சு அடுத்த சேலை ஏறற மாதிரி. லீட்ஸ்ல படிச்ச படிப்பு வீண் போகலே பாத்துக்க. 1963ல அவரு போனதுக்கப்பறம் மகன் எடுத்து நடத்துனாரு, ஜெய்சங்கர் துப்பாக்கி தூக்குன படமெல்லாம் அப்பத்தான். 'சி.ஐ.டி. சங்கர்', 'கருந்தேள் கண்ணாயிரம்'. மொத்தத்துல நூறு படத்துக்கு மேல நெய்ஞ்சு எறக்குன தறி அது.

1956ல 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தப்ப எனக்குப் பத்துப் பன்னண்டு வயசு. தமிழ்ல மொத முழுநீளக் கலர் படம். டூரிங் கொட்டாய்ல மண்ணைக் குமிச்சு, ஒசரமா உக்காந்து பாத்தேன். எம்.ஜி.ஆர். மந்திரத்தைச் சொன்னதும் குகைக் கதவு தெறக்கும் பாரு, கொட்டாயே வாயைத் தெறந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எங்க மாமன் ஊட்டுல தங்கல். மாமன் அந்தக் கம்பெனியில ஆசாரி வேலை. "மாமா, அந்தப் பாறை எத்தனை டன்னு இருக்கும்?"ன்னு கேட்டேன். மனுசன் வெத்தலையத் துப்பிட்டு, "பாறையாவது? மழை பேஞ்சா நானே உள்ள தூக்கி வெச்சிருவேன்டா"ன்னாரு.

பதினேழு அரண்மனை கட்டுனவருன்னு அவருக்கு ஊருக்குள்ள பேரு. சொந்த ஊடு ஓலைக்கூரை. கம்பெனிய ஒரு வார்த்தை கொறை சொல்லமாட்டாரு, மாசமானா சம்பளம் கைக்கு வந்துரும். ஓலைக்குக் காரணம் சீட்டாட்டம். அரண்மனை கட்டி முடிஞ்சதும் ராசா வந்து உக்காருவாரு, மந்திரி சதி பண்ணுவாரு, ராசகுமாரி அழுவா, அதோட சோலி முடிஞ்சுது. மறுவாரம் மாமனே கடப்பாரைய எடுத்து இடிப்பாரு. ஆணியெல்லாம் புடுங்கி நிமித்தி வெப்பாரு, அடுத்த அரண்மனைக்கு ஆகும்னு. தூணைத் தட்டுனா 'பொத்'துன்னு சத்தம் வரும். அதனால அவருக்கு ஒரு பழக்கம், கோயிலுக்குப் போனாலும் மொதல்ல தூணைத் தட்டித்தான் பாப்பாரு. பூசாரி பல தடவை திட்டியிருக்காரு.

இப்பச் சொல்லு. நீ எந்த மாடர்ன் தியேட்டர்ஸைக் கட்டப் போறே? 1940ல நின்ன அரண்மனையா, 1956ல நின்ன குகையா, எல்லாத்தையும் இடிச்சுட்டு மாமன் ஆணி நிமித்துன அந்தச் சனிக்கிழமையா? அட்டையில கட்டுன அரண்மனை. அதை இடிச்சாச்சு. கட்டடத்தையும் இடிச்சாச்சு. 2014ல கூகுள்காரன் மெய்நிகர் பாக்கறதுக்குன்னு ஒரு கண்ணாடி உட்டானே, அதுவும் அட்டை. அட்டை அரண்மனைய அட்டைக் கண்ணாடியில பாக்கறதுக்கு உனக்கு மூணு லட்ச ரூவா கம்ப்யூட்டரு. கேட்டுக்கிட்டே இருக்கறேன், சிரிப்பு நிக்க மாட்டேங்குது.

மூஞ்சிய அப்படி வெச்சுக்காதே. வழியில்லேன்னு சொன்னனா? நேத்து ராத்திரி மோட்டார் ரூம்புகிட்ட உக்காந்து சொன்னியே, எனக்குத் தூக்கம் வந்த மாதிரி இருந்தாலும் காது கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஒரு பொருளை நூத்துக்கணக்குல போட்டோ எடுக்கோணும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கற மாதிரி எடுக்கோணும், ஒரே புள்ளி நாலஞ்சு படத்துல எங்கெங்க இருக்குதுன்னு பாத்து மிசின் ஆழத்தைக் கணக்குப் போடும்னே. நின்ன எடத்துல நின்னு கேமராத் தலையத் திருப்புனா ஆழம் கெடைக்காது, கேமரா எடம் மாறுனாத்தான் கெடைக்கும்னே. அதைக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கம் போச்சு.

கட்டடம் போச்சு, படம் இருக்குதல்ல? அந்தப் படங்களை எடுத்துப் பாரு. கேமரா அசையாம நிக்கற எடத்தை உட்டுரு. கேமரா சக்கர வண்டியில, தண்டவாளத்து மேல ஏறி, அரண்மனை ஓரமா உருண்டு போகும் பாரு, டிராலி ஷாட்டுன்னு மாமன் சொல்லுவாரு. அந்த எடத்துல தூணுக்குப் பின்னாடி தூணு நகரும். உன் மிசினுக்கு வேண்டிய ஆழம் அங்கத்தான் கெடக்குது. சின்னப்பா குடுத்ததில்லே, எம்.ஜி.ஆர். குடுத்ததில்லே. அவங்க நின்ன எடத்துல நின்னு பேசுனாங்க. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, மூச்சுச் சத்தம் மைக்குல விழாம, ஆட்டம் கொடுக்காம அந்த வண்டியத் தள்ளுனானே ஒருத்தன், அவன் குடுத்த ஆழம் அது. அவன் மூஞ்சி எந்தப் படத்துலயும் இல்லே. நீ கட்டற அரண்மனைக்கு அஸ்திவாரம் அவன் முதுகுதான். அவன் எத்தனை அடி தள்ளுனானோ அத்தனை அடிதான் உனக்குக் கெடைக்கும், அதுக்கு மேல ஒரு சாணு நீ கட்டுனேன்னா அது உன் சொந்தக் கற்பனை. அதையும் வெவரமா எழுதி மாட்டிப் போடு, இளம்பிள்ளைச் சேலை மாதிரி.

இன்னும் பழசு வேணும்னா சொல்லு, ஹீத்துன்னு ஒரு வெள்ளைக்காரன் கதை இருக்குது. ஜோசையா மார்ஷல் ஹீத், கும்பினி உத்தியோகத்துல சேலத்துல இருந்தவன். நம்ம கஞ்சமலை இரும்பைப் பாத்து மயங்கி உத்தியோகத்தை உட்டுட்டு, 1830ல பரங்கிப்பேட்டையில இரும்பாலை போட்டான். கரிக்குக் காடு காடா மரத்தை வெட்டுனாங்க. இங்கிலாந்துல பிரிட்டானியா குழாய்ப் பாலத்துக்கும் அந்த இரும்பு போச்சுன்னு எழுதி வெச்சிருக்காங்க. காசு மட்டும் நிக்கலே. ஷெஃபீல்டுக்குத் திரும்பிப் போனவன் 1839ல எஃகுல மாங்கனீசு சேக்கறதுக்குக் காப்புரிமை வாங்குனான், ஊரே அதைக் காப்பியடிச்சுக் காசு பாத்துச்சு, இவன் கோர்ட்டுப் படியேறியே ஓய்ஞ்சான். பின்னாடி 1853ல வந்த புதுக் கம்பெனி நம்ம பூலாம்பட்டியில காவிரிக்கரையில ஊதுலை வெச்சு ஓட்டுச்சு, அதுவும் நின்னு போச்சு. இன்னைக்கு பூலாம்பட்டிக்கு ஞாயித்துக்கிழமை ஆனா ஜனம் குமியுது. குட்டிக் கேரளாவாம். படகுல போறாங்க, மீன் வறுவல் திங்கறாங்க. ஊதுலையக் கேட்டா எது, மீன் கடையான்னு கேப்பாங்க. நீ அங்கயும் போயி லேசர் பெட்டியச் சுத்த உடாதே. மீன் வறுவல்தான் ஸ்கேன் ஆகும்.

அப்பறம் என் வெள்ளைக்கல்லு. வெள்ளைக்காரன் தூரத்துல இருந்து பாத்துட்டு சாக்பீஸுக்கு ஆகற சாக்குன்னு நெனைச்சு, அந்தக் கரட்டுக்கு சாக் ஹில்ஸுன்னு பேரு வெச்சான். கிட்டப் போயி ஒரு சுத்தி தட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும், அது மேக்னசைட்டுன்னு. பேரு வெச்சது வெச்சதுதான், இன்னைக்கும் அப்படியேதான் எழுதறாங்க. ரயில்வேக்காரங்க மட்டும் சரியா 'மேக்னசைட் ஜங்ஷன்'னு ஒரு ஸ்டேசனுக்கே பேரு வெச்சாங்க. ஒரு கல்லுக்கு ஜங்ஷன் இருக்கற ஊரு நம்ம சேலம்.

இருவத்திரெண்டு வருசம் அங்க கல்லுக்கும் காளவாய்க்கும் நடுவுல கெடந்தேன். கறுப்புப் பாறையில நரம்பு மாதிரி வெள்ளை ஓடும். பாறைக்கு டுனைட்டுன்னு பேரு, அது கழிவு. பொம்பளைங்க வரிசையா உக்காந்து சுத்தியில தட்டித் தட்டி வெள்ளையத் தனியாப் பிரிப்பாங்க. அதைக் காளவாய்ல போட்டு வேக வெச்சா, நூறு கிலோ போட்டதுல அம்பது கிலோ கூடத் திரும்பி வராது. மீதி காத்தாப் போயிரும். மிஞ்சறது எதுக்குத் தெரியுமா? இரும்பாலை உலைக்குள்ள பூசறதுக்கு. உருக்கின எஃகோட சூட்டை சாதாச் செங்கல்லு தாங்காது, இது தாங்கும். நெருப்புக்குள்ளயே வெந்ததால மறுபடி நெருப்பு ஒண்ணும் பண்ண முடியாத கல்லு. உங்க அம்மாயி மாதிரி.

நீ அந்தக் கல்லு வெட்டுன பள்ளத்தைப் படம் புடிச்சுக்கிட்டு வந்தே. வெள்ளைச் செவுரு, ஏணிப்படி மாதிரி வெட்டு, அடியில பச்சைத் தண்ணி. வெளிநாட்டுக் கோட்டை மாதிரி இருக்குது அப்புச்சின்னே. இருக்குது. ஆனா அந்தத் தண்ணிக்குக் கீழ நாங்க எறங்கி நின்ன தளம் இருக்குது, அது உன் மிசினுக்குத் தெரியாது. தண்ணியும் கண்ணாடியும் பளபளப்பும் வந்தா மிசின் கொழம்பிப் போகும்னு நீதானே சொன்னே. எங்களுக்கும் அதே கொழப்பம்தான் இருந்துச்சு. சித்திரை மாசத்து மத்தியானம் அந்த வெள்ளைக்குள்ள நின்னா கண்ணு கூசி, எது கல்லு எது ஆளுன்னு தெரியாது. ஆளும் வெள்ளையாத்தான் இருப்பான். சாயங்காலம் ஊட்டுக்கு வந்தா உங்க அம்மா, கொழந்தை, என்னையப் பாத்துட்டு 'பேயி'ன்னு கத்திக்கிட்டு உள்ள ஓடுவா. குளிச்சதுக்கப்பறம்தான் அப்பான்னு வருவா.

இதையெல்லாம் பெட்டிக்குள்ள எப்படி வெப்பே? வெச்சவங்க இருக்காங்கன்னு நீயே சொன்னே. கனடாக்காரி சார் டேவிஸ் 1995ல 'ஆஸ்மோஸ்'னு ஒண்ணு செஞ்சிருக்கா. நெஞ்சுல ஒரு பட்டையக் கட்டி உட்டுருவாளாம், மூச்சை இழுத்தா மேல போவோமாம், உட்டா கீழ எறங்குவோமாம். நல்ல வேளை அதை எங்க காளவாய்ல கட்டலே. தூசிக்குப் பயந்து மூச்சைப் புடிச்சுக்கிட்டே வேலை செஞ்ச ஆளுங்க நாங்க, அந்தரத்துலயே நின்னிருப்போம். மெக்சிகோ டைரக்டரு இன்யாரிட்டு 2017ல எல்லையத் தாண்டி ஓடற ஜனங்களைப் பத்தி ஒண்ணு செஞ்சாராம், பாக்க வந்தவனைச் செருப்பைக் கழட்டச் சொல்லி, வெறுங்காலோட மணல்ல நடக்க உட்டாராம், ஆஸ்கார்க்காரன் தனி விருதே கொடுத்தானாம். அந்த ஆளுக்கு வெவரம் இருக்குது. கண்ணுக்குப் பெட்டி கட்டுனா போதாது, காலுக்கும் கணக்கு உண்டுன்னு தெரிஞ்சிருக்குது.

அதனால சொல்றேன், கேளு. என் காளவாயக் காட்டறதா இருந்தா, வர்றவன் கையில பெட்டியக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கூடை வெள்ளைக்கல்லைக் கொடு. இருவது கிலோ போதும், பட்டணத்து ஆளுங்க. அதைத் தலையில வெச்சு முப்பது தப்படி நடந்துட்டு வரட்டும். அப்பறம் மாட்டி உடு. செவுரு எவ்வளவு அழகுன்னு கேளு. "தண்ணி இருக்குதுங்களா?"ன்னு கேட்டான்னா உன் கலை தேறிருச்சுன்னு வெச்சுக்க.

இன்னொண்ணும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்குது. உசுரோட இருந்தப்ப ஒரு வாய் கஞ்சி ஊத்தாதவன், எழவு ஊட்டுக்கு மொத ஆளா வந்து நின்னானாம். ஆலை செத்தப்பறம்தான் உங்களுக்கெல்லாம் கண்ணு தெரியுது. துருப் புடிச்சாத்தான் அழகு, கூரை ஒழுகுனாத்தான் கலை. ஓடற ஆலைய ஏன்டா பாக்க மாட்டேங்கறீங்க? ஓடறப்ப உள்ள உட மாட்டாங்க, அப்புச்சின்னு சொல்லாதே. கேட்டியா?

நாளைக்கு நட ஆத்தூர்ப் பக்கம், ராசிபுரம் பக்கம். சேகோ பேக்டரி எத்தனை இருந்துச்சு, எத்தனை மிச்சம் இருக்குதுன்னு ஒரு நடை பாரு. ரெண்டாவது உலகச் சண்டையில மலேயாவுல இருந்து சவ்வரிசி வர்றது நின்னப்ப நம்ம ஆளுங்க குச்சிக்கெழங்கை அரைச்சு ஆரம்பிச்ச தொழிலு அது. 1981ல இருந்து விக்கறதுக்குச் சேகோசர்வ் கூட்டுறவு இருக்குது, 2023ல புவிசார் குறியீடு கூடக் கெடைச்சுது. கெழங்கு தோலு போயி, அரைச்சுப் பாலாயி, தொட்டியில மாவு படியும். சக்கைக்குத் திப்பின்னு பேரு, அது மாட்டுக்கு. மாவை ஒடச்சு, தொட்டில் மாதிரி கட்டிக் குலுக்குனா உருண்டை உருண்டையா வரும், அதை வறுத்து சிமெண்டுக் களத்துல காய வெப்பாங்க. ஏக்கர் கணக்குல வெள்ளை. அந்த வெள்ளை மேல வெறுங்காலோட ஒருத்தன் பலகையத் தள்ளிக்கிட்டு கோடு போட்டுக்கிட்டே போவான் பாரு, உன் வெனிஸ் பரிசுக்காரங்க பாத்திருந்தா முக்காலியை அங்கயே ஊனியிருப்பாங்க. அவன் பின்னாடி கேமராவை எடுத்துக்கிட்டு நட. அவன் பேரைக் கேட்டு எழுதிக்க. சம்பளத்தைக் கேளு. மழை வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேளு, அதுக்கு ஒரு மணி நேரம் கதை சொல்லுவான். அந்தப் புளிச்ச வாசத்தை மட்டும் உன் பெட்டியில ஏத்த முடியாது, அதுக்கு ஜனங்க உனக்கு நன்றி சொல்லுவாங்க.

மூடுன ஆலைக்கும் ஆளு சொல்றேன், குறிச்சுக்க. சூரமங்கலத்துல ஒருத்தரு இருக்காரு, என் மாமனுக்கு எளையவரு, அந்த டிராலி வண்டியத் தள்ளுனவங்கள்ல ஒருத்தரு. காது கேக்காது, ஆனா எந்தப் படத்துல எத்தனை அடி தண்டவாளம் போட்டாங்கன்னு வெரல்ல எண்ணிச் சொல்லுவாரு. வெள்ளைக்கல்லு தட்டுன கெழவி ஒருத்தி வெள்ளாளப்பட்டியில இருக்கறா, சுத்தியக் கையில கொடுத்தாத்தான் பேச்சு வரும், அதனால ஒரு சுத்தியும் கையில எடுத்துக்கிட்டுப் போ. ரெண்டு பேருக்கும் எண்பத்தஞ்சு தாண்டிருச்சு. தீவாளி லீவுல வந்து பாத்துக்கறேன்னு இழுக்காதே. சூரமங்கலத்தாரு மத்தியானம் சாப்புட்டாருன்னா தூங்கிருவாரு, பத்து மணிக்குள்ள போயிரோணும். கால் கிலோ காராபூந்தி வாங்கிக்க, அவருக்குப் பல்லு இல்லே, ஆனா ஊற வெச்சுத் திம்பாரு.

பெட்டிய இங்கயே வெச்சுட்டுப் போ, நாளைக்கு அது வேண்டியதில்லே. போறப்ப ஏரிக்கரைப் பக்கமா நடந்து அந்த எருமைக்கன்னு எங்கத்தயாவது நிக்குதான்னு பாரு. நேத்து ஓடுனது இன்னும் ஊடு திரும்பலே.